மருந்து நிறைத்துப் போகும்போது மட்டும் றிமோட்டின் தொடர்பு அறுகிறது: காரணம் என்ன?

வட்டக்கச்சி வயற்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் பகுதியில் எங்களுக்கும் அயலவர்கள் இருவருக்குமாக 18 ஏக்கர் வயல் ஒரே தொடராக இருக்கிறது. மருந்தடிக்க ஆள் கிடைப்பது ஒவ்வொரு போகத்திலும் அரிதாகி வருவதால், இந்தக் காலபோகத்துக்கு நானும் தம்பியும் சேர்ந்து 10 லீற்றர் தாங்கியுள்ள ட்ரோன் ஒன்றை வாங்கினோம். அது பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கும் வகை அன்று. கார்பன் சட்டம், ஆர்டுபைலட் மென்பொருளில் இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகை, இரண்டு அன்ரனாக்கள் கொண்ட 2.4 கிகாஹேர்ட்ஸ் றிசீவர் என்று தனித்தனியாக எடுத்து ஒருவர் பொருத்தித் தந்தது.

சிக்கல் இதுதான். நான் மேற்குப் பக்க வரம்பில் நின்று இயக்குகிறேன். பயிருக்கு 3 மீற்றர் மேலே பறந்து போகும் ட்ரோன், ஏறக்குறைய 400 மீற்றர் தொலைவிலுள்ள கிழக்கு எல்லையை நெருங்கும்போது றிமோட்டில் எச்சரிக்கை ஒலிக்கிறது. இரண்டொரு விநாடியில் தொடர்பு அறுந்து, ட்ரோன் தானாக மேலெழுந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்பத் தொடங்குகிறது. மேலெழுந்தவுடன் தொடர்பு மீண்டும் வந்துவிடுகிறது. தாங்கி நிறைந்திருக்கும் முதல் ஓட்டத்தில்தான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. மருந்து முடியும் தறுவாயில் அதே எல்லைக்குப் போனால் எச்சரிக்கை மட்டும் வருகிறது, தொடர்பு அறுவதில்லை. விடியற்காலையில், பயிரில் பனி இருக்கும்போது, நிலைமை இன்னும் மோசம்.

இதே ட்ரோனை வெறும் தாங்கியுடன் தரவை ஒன்றில், அதாவது மரமற்ற வெட்டவெளியில், 40 மீற்றர் உயரத்தில் 800 மீற்றர் வரை அனுப்பிப் பார்த்தோம். ஒரு தடவையேனும் அறவில்லை. றிமோட்டின் பற்றரியை மாற்றினேன், றிசீவரை மீண்டும் இணைத்தேன், மென்பொருளையும் புதுப்பித்தேன், பயனில்லை. பொருத்தித் தந்தவர் சமிக்ஞைப் பெருக்கி ஒன்றை வாங்கிப் பூட்டச் சொல்கிறார். சென்ற கிழமை தானாகத் திரும்பி வரும்போது வாய்க்கால் கட்டிலுள்ள தென்னையின் ஓலையில் உரசித் தப்பியது. நெல் குடலைப் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் வெளிவராத நிலையில், நிற்கிறது. இன்னும் பத்து நாட்களுக்குள் அடுத்த மருந்தை அடித்தாக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மாங்குளம் எழுதியது:

கிழக்கு எல்லைப் பக்கம் கைப்பேசிக் கோபுரம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஒரு கோபுரத்தை அண்டிப் போகும்போது எங்கள் சிறிய படப்பிடிப்பு ட்ரோனின் படம் உறைந்துபோனதைக் கண்டிருக்கிறேன். 2300 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் இயங்கும் நாலாந்தலைமுறை அலைகள் உங்கள் 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், மலிவான றிசீவர்கள் அதனால் செவிடாகிவிடும்.

முல்லைக்கரை றேடியோ எழுதியது:

தம்பி, நான் நெடுங்காலமாகப் படகுகளின் வானொலிகளைத் திருத்தி வருகிறவன். ட்ரோன் எனக்குப் புதிது என்றாலும் அலை ஒன்றுதான். மாங்குளத்து நண்பர் சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பறப்புப் பதிவைத் திறந்து, தொடர்பு அறுவதற்கு முந்திய அரை நிமிடத்தில் சமிக்ஞை வலுவும் இணைப்புத் தரமும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். வலு நன்றாக இருக்கத் தரம் மட்டும் விழுந்தால், வேறொரு அலை குறுக்கிடுகிறது என்று கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து சரிந்தால், உங்கள் அலையே போய்ச் சேரவில்லை. வழியில் ஏதோ அதை மறிக்கிறது. மேலெழுந்தவுடன் தொடர்பு மீள்கிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே எனக்கு இரண்டாவதைத்தான் காட்டுகிறது, ஏனென்றால் ட்ரோன் சற்று மேலெழுந்ததால் கோபுரத்தின் அலை இல்லாமற் போய்விடாது.

கண்ணுக்கு ட்ரோன் தெரிகிறது, ஆகவே இடையில் தடை இல்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். றேடியோ அலைக்கு நூல் பிடித்தாற்போன்ற நேர்கோடு மட்டும் போதாது; அந்தக் கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய வெள்ளரிப்பழம் போன்ற ஒரு வெளியும் திறந்திருக்க வேண்டும். பிரெனல் வலயம் என்பது இதுதான். 2.4 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர். 400 மீற்றர் தொலைவுக்குக் கணக்கிட்டால் நடுவழியில் இந்த வெளியின் ஆரை ஏறத்தாழ 3.5 மீற்றர் வரும். அதில் 60 வீதமாவது, அதாவது 2.1 மீற்றராவது, தடையின்றி இருப்பது நல்லது.

இப்போது உங்கள் வயலை எடுத்துக்கொள்வோம். றிமோட்டை நெஞ்சளவில், நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் பிடித்திருக்கிறீர்கள். பயிர் 0.8 மீற்றர், அதற்கு மேல் 3 மீற்றர், ஆகவே ட்ரோன் நிலத்திலிருந்து 3.8 மீற்றரில் நிற்கிறது. நடுவழியில் உங்கள் கோடு 2.5 மீற்றர் உயரத்தில் போகும். பயிரின் தலைக்கு மேல் எஞ்சுவது 1.7 மீற்றர்தான். இடையில் ஒரு வரம்பும் அதில் நாலு வாழையும் நின்றால் அதுவும் இல்லை. ஈர இலை அலையைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் பனிக்காலையில் மோசமாவதும் இதனோடு பொருந்துகிறது. தரவையில் 40 மீற்றர் உயரத்தில் சோதித்தபோது இந்தத் தடை எதுவும் குறுக்கே இருக்கவில்லை. அந்தச் சோதனை றிமோட் நல்லது என்று காட்டுமே தவிர, வயலில் வேலை செய்யும் என்று காட்டாது.

ஆகையால் பெருக்கி வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் வாய்க்கால் கட்டில் ஏறி நின்று இயக்குங்கள். கட்டு 2 மீற்றர் உயரமானால் நடுவழிக் கோடு 3.5 மீற்றருக்கு உயர்ந்து, பயிருக்கு மேல் 2.7 மீற்றர் கிடைத்துவிடும். அதோடு, றிமோட்டின் அன்ரனா முனையை ட்ரோனை நோக்கிக் குத்தி நீட்டாதீர்கள். கோல் அன்ரனா தன் பக்கவாட்டில் வீசும் அளவுக்கு முனைப்பக்கமாக வீசுவதில்லை.

செட்டிகுளம் எழுதியது:

ஐயா தந்த கணக்கு மிகச் சரி, ஆனால் நிறைந்த தாங்கிக்கும் வெறும் தாங்கிக்கும் இடையிலான வேறுபாட்டை அது விளக்கவில்லை. வவுனியாப் பக்கம் மூன்று போகமாகக் கூலிக்கு மருந்தடிக்கிறேன். எனக்கும் இதே கதை நடந்தது.

உங்கள் றிசீவர் ட்ரோனின் மூக்குப் பக்கம் இருக்கிறதா? அப்படியென்றால் கிழக்கு நோக்கிப் போகும்போது றிசீவருக்கும் உங்களுக்கும் இடையே 10 லீற்றர் நீர் ஒரு சுவராக நிற்கிறது. மருந்து குறையக் குறைய அந்தச் சுவர் தாழ்ந்துவிடுகிறது. சோதிப்பது எளிது: தாங்கியை வெறும் நீரால் நிரப்பி, 150 மீற்றரில் ஒரே இடத்தில் நிறுத்தி, மூக்கை மெல்ல ஒரு முழு வட்டம் திருப்பிக்கொண்டு றிமோட்டில் சமிக்ஞை வீதத்தைத் தம்பியிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

மற்றது, றிசீவரின் அன்ரனாவைக் கையில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கம்பி முழுவதும் அன்ரனா அன்று. நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீற்றர் மட்டுமே அன்ரனா, அது அலைநீளத்தின் காற்பங்கு. மற்றதெல்லாம் கவசமிட்ட வெறும் வழிதான். அந்த நுனியைக் கார்பன் கையோடு சேர்த்து ஒட்டியிருந்தால், கார்பன் மின்கடத்தி என்பதால் அன்ரனா வேலை செய்யாது. இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, சட்டத்திலிருந்து விலகி, தாங்கிக்குக் கீழே தொங்கும்படி பிளாஸ்ரிக் குழாயில் செருகிக் கட்டுங்கள்.

வட்டக்கச்சி வயற்காரன் எழுதியது:

ஐயாவுக்கும் செட்டிகுளம் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் சொன்னபடியே செய்து பார்த்தோம்.

பறப்புப் பதிவில் வலுவும் தரமும் ஒன்றாகவே சரிந்திருந்தன. ஆகவே மாங்குளத்து நண்பர் சொன்ன கோபுரத்தை விட்டுவிட்டோம். நீர் நிரப்பி 150 மீற்றரில் மூக்கைத் திருப்பியபோது, என்னைப் பார்த்து நின்றவேளை 84 வீதம் இருந்த சமிக்ஞை, மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பியதும் 47 வீதத்துக்கு இறங்கியது. தாங்கியை வெறுமையாக்கிவிட்டு அதே வட்டத்தைச் சுற்றினால் 70க்குக் கீழே போகவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. ஓர் அன்ரனாவின் நுனி, நீங்கள் எச்சரித்தவாறே, கார்பன் கையோடு கறுப்பு நாடாவால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. மற்றதன் நுனி மருந்துத் தூறலில் பச்சைக் களிம்பு பிடித்து, பாதியில் முறிந்து, நகத்தால் தொட்டவுடன் உதிர்ந்து விழுந்தது. இரண்டு அன்ரனாக்கள் இருக்கின்றன என்று நம்பி இவ்வளவு நாளும் ஒன்றுகூட ஒழுங்காக இல்லாமல் பறக்கவிட்டிருக்கிறோம்.

நல்ல அன்ரனாவை நாடாவிலிருந்து விடுவித்து, குளிர்பானக் குழாயில் செருகிக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, வாய்க்கால் கட்டில் நின்று இன்று காலை பனியோடேயே நீர் நிரப்பி அனுப்பினோம். கிழக்கு எல்லையில் 61 வீதம், எச்சரிக்கை ஒலிக்கவில்லை. இரண்டாவது அன்ரனா வந்ததும் மருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். தானாகத் திரும்பும் உயரத்தைப் பற்றி மட்டும் யாராவது சொல்ல முடியுமா? தென்னையில் உரசியதை நினைக்க இன்னும் பயமாக இருக்கிறது.

செட்டிகுளம் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தம்பி. ஆர்டுபைலட்டில் திரும்பும் உயரம் மாற்றாமல் விட்டால் 15 மீற்றராகவே இருக்கும். நம் ஊர்ப் பனை 30 மீற்றர் வரை வளரும். வீட்டுக்குத் திரும்பும் கோட்டில் நிற்கும் மிக உயர்ந்த மரத்தை அளந்து, அதற்கு மேல் குறைந்தது 5 மீற்றர் கூட்டி வையுங்கள். இந்த மதிப்பு பல பதிப்புகளில் சென்ரிமீற்றரில் எழுதப்படுவதால் 35 மீற்றருக்கு 3500 என்று இட வேண்டும். உங்கள் பதிப்பு எந்த அலகைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைந்த தாங்கியோடு அவ்வளவு உயரம் ஏறித் திரும்பப் பற்றரியில் மின் மிச்சமிருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பிறகு விசிறிகளைக் கழற்றிவிட்டு, மோட்டர்களை ஓடவிட்டுச் சற்று வேகம் கூட்டி, றிமோட்டை அணைத்து, பலகை திரும்பும் முறைக்கு மாறுகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். தொடர்பு மீண்டாலும் ட்ரோன் தானாகப் பழைய ஓட்டத்துக்குப் போகாது. பறப்பு முறையை மாற்றும் ஆளியை நீங்கள்தான் தள்ள வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தொடர்பு அறுந்தால் நின்ற இடத்திலேயே இறங்கும்படி சிலர் அமைத்து வைக்கிறார்கள். முகமாலை, கிளாலிப் பக்கம் போல மிதிவெடி அடையாளப் பலகை நட்ட நிலத்தை அண்டி வேலை செய்கிறவர்கள் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அப்படியான நிலத்தில் ட்ரோன் விழுந்துவிட்டால், எவ்வளவு பணம் போட்டு வாங்கியதாக இருந்தாலும், எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓரடிகூட வைக்காமல் மிதிவெடி அகற்றுவோரிடம் அறிவியுங்கள்.

முல்லைக்கரை றேடியோ எழுதியது:

பெருக்கியைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். உங்கள் கையிலுள்ளதைப் பெருக்கினால் கட்டளை ட்ரோனுக்குப் போவது கூடலாம், ஆனால் ட்ரோனிலிருந்து வரும் தகவல் பழைய வலுவிலேயே வரும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத பெருக்கியைப் பூட்டி வீண் சிக்கலில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

மாற்று அன்ரனா வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். றிசீவரில் அழுத்திப் பூட்டும் அந்தச் சிறிய வட்ட இணைப்பி இரண்டு அளவுகளில் வருகிறது; பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறான அளவை அழுத்தினால் பலகையிலுள்ள முனை பிய்ந்து வந்துவிடும். சரியானதாக இருந்தால் நகத்தால் நேராக அழுத்தும்போது மெல்லிய 'டிக்' என்ற ஒலியோடு அமரும். அமர்ந்த பின் ஒரு சொட்டுச் சிலிக்கன் பசை வையுங்கள். அதிர்வில் கழலாது, மருந்துத் தூறலும் உள்ளே போகாது.