சிறிய ஜி.சி. கருவியை ஊர் முகாமுக்குக் கொண்டு செல்லலாமா?

கேட்டவர்: கல்லூரி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ச் சமுதாயக் கூடங்களில் வேதியியல் முகாம் நடத்துகிறோம். இதுவரை ஸ்கெட்ச் பேனா மையை வடிதாளில் பிரித்துக் காட்டுவதோடு நிறுத்தியிருந்தோம். இப்போது துறைக்கு ஒரு சிறிய வாயு வண்ணப்பிரிகைக் கருவி (ஜி.சி.) வந்திருக்கிறது. கலவையை ஆவியாக்கி ஒரு மெல்லிய குழல் வழியே அனுப்பி, அதிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வரைபடத்தில் முகடுகளாகக் காட்டும் கருவி இது. ஆவியைக் குழல் வழியே சுமந்து செல்லும் கேரியர் வாயுவாக அறைக் காற்றையே வடிகட்டி எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் தேவையில்லை. மடிக்கணினி இருந்தால் போதும். எந்த மாதிரிகளைக் காட்டலாம் என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவதுதான் சங்கடமானது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் பலர் இறந்த பிறகு, எங்கள் பகுதி மக்கள் வேதியியல் என்றாலே அதைத்தான் கேட்கிறார்கள். இப்படி ஒரு கருவி வருகிறது என்று போன முகாமில் சொன்னதும், "அது சாராயத்துல விஷம் இருந்தா காட்டிக் கொடுக்குமா, டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

பதில் 1: கருவிப் பராமரிப்பாளர், கோவை

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அசிட்டோன், எத்தில் அசிட்டேட், ஐசோஅமைல் அசிட்டேட் மூன்றையும் கலந்து கொண்டு செல்லுங்கள். முதல் இரண்டும் நகப்பூச்சு நீக்கிகளில் இருப்பவை, மூன்றாவது வாழைப்பழ வாசனை. ஆகவே மூக்கே பாதி பாடத்தை நடத்திவிடும். இவை முறையே 56, 77, 142 டிகிரியில் கொதிப்பவை என்பதால், முனைவற்ற (non-polar, பெரும்பாலும் கொதிநிலை வரிசையிலேயே பிரிக்கும்) குழலில் வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றினால் இதே வரிசையில் வெளியே வரும். கடையில் விற்கும் எசென்ஸை ஊசியில் எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் புரப்பிலீன் கிளைக்கால் இருக்கும். 188 டிகிரியில் கொதிக்கும் அது குழலுக்குள் தங்கிவிட்டு அடுத்தடுத்த ஓட்டங்களைக் கெடுக்கும்.

ஆய்வகத்தில் நாங்கள் குழலை ஆங்கிலத்தில் 'காலம்' (column) என்போம். முகாமில் அப்படிச் சொன்னால் எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள் என்று கூட்டம் குழம்பும். இன்னொன்று, பிள்ளைகள் கையில் சிரிஞ்சைக் கொடுக்காதீர்கள். ஒரு முறை நான் ஆளுக்கொரு வாய்ப்பு கொடுத்தேன். ஒரு துளியில் ஐம்பதில் ஒரு பங்கான 1 மைக்ரோலிட்டர் ஊசி அது. அதன் உள்கம்பி தலைமுடி போல மெல்லியது. நாலாவது பிள்ளை அழுத்தியபோது கம்பி கொக்கி போல மடங்கியது. அதற்குள் ஊசி குத்தும் ரப்பர் மூடியான செப்டமும் கசியத் தொடங்கி, முகடுகள் வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. நீங்களே செலுத்துங்கள், பிள்ளைகள் முன்கூட்டியே வரிசையை ஊகித்து, நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் எடுக்கட்டும்.

பதில் 2: தடய அறிவியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்

அம்மா, அந்தக் கேள்விக்கு "காட்டும்" என்பதும் உண்மை, "காட்டிக் கொடுக்காது" என்பதும் உண்மை. மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பவை. தகுந்த குழலில் மெத்தனால் முன்னால் வரும். ஆனால் கருவி உங்களுக்குத் தருவது ஒரு நேரம்தானே தவிர, ஒரு பெயர் அல்ல. அதே நேரத்தில் வரக்கூடிய வேறொரு பொருள் இருந்தால் வரைபடத்தை மட்டும் பார்த்து வேறுபாடு காண முடியாது. இதனால்தான் இரத்தத்தில் ஆல்கஹாலை அளக்கும் ஆய்வகங்களில் தன்மை வேறுபட்ட இரண்டு குழல்களில் ஒரே மாதிரியை ஓட்டுகிறார்கள். அளவு பிசகாமல் இருக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தெரிந்த அளவு n-புரப்பனால் என்ற வேறொரு ஆல்கஹாலையும் சேர்க்கிறார்கள். பழங்கள் நொதிக்கும்போது அவற்றிலுள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து சிறிது மெத்தனால் தானாகவே உண்டாகும் என்பதால், முகடு தெரிந்தாலே விஷம் என்றும் சொல்லிவிட முடியாது.

எனக்குப் பெரிய அச்சம் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. ஒருவர் கொண்டுவரும் பாட்டிலில் மெத்தனால் முகடு தெரியவில்லை என்று நீங்கள் சொன்னால், "டீச்சரே பார்த்துச் சொல்லிட்டாங்க" என்று ஊர் முழுவதும் அது சான்றிதழாகிவிடும். அடுத்த பாட்டில் வேறு கேனிலிருந்து வந்திருக்கும். நிறத்தாலும் மணத்தாலும் குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. உடலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்க அரை நாளுக்கு மேல்கூட ஆகலாம் என்பதால், குடித்தவர் நன்றாக இருப்பதும் ஆதாரமில்லை. கள்ளச்சாராயத்தை வைத்திருப்பதே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்கள். முகாமுக்குப் பாட்டிலோடு வந்தவர் வழக்கோடு திரும்பக்கூடும். ஆய்வகத் தரத்து மெத்தனால், எத்தனால் கலவையை நீங்களே தயாரித்துக் கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டுங்கள். வெளி மாதிரி எதையும் தொடாதீர்கள்.

பதில் 3: பள்ளி ஆசிரியர், மதுரை

கருவி பழுதாகும் நாளுக்கு ஒரு பழைய வழி உண்டு. சலவைத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் எரிவாயுவை அனுப்பி, மறுமுனையில் அதைப் பற்றவைத்து, சுடரில் செம்புச் சுருள் வைப்பார்கள். குளோரின் சேர்மங்களின் கலவையைக் குழாயில் செலுத்தினால், ஒவ்வொன்றும் வெளியே வரும்போதெல்லாம் சுடர் பச்சையாகும். ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும் என்பதால் புகைப்போக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள், கூடத்தில் வேண்டாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே செய்கிறேன். "வெளியிலிருந்து கொண்டுவரும் எந்தத் திரவமும் இங்கே சோதிக்கப்படாது" என்று வாசலில் எழுதி ஒட்டுகிறோம். அந்த அம்மாவுக்கு இரண்டு முகடுகளையும் அருகருகே காட்டி, எது எது என்று எனக்குத் தெரிவதற்குக் காரணம் கலந்தது நானே என்பதையும் சொல்லப்போகிறேன். பாட்டிலில் ஊற்றியது யார் என்று தெரியாதபோது கருவி அதைச் சொல்லாது என்பது அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன். சிரிஞ்சு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.