ஹீட் பம்ப் பெர்மிட் எங்கே மாட்டுகிறது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2019-ல் சட்டம் போட்டு, 2025-க்குள் 1,00,000 ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துச் சூடாக்கும் மின் சாதனம்) என்று இலக்கு வைத்தது. 2023-லேயே எட்டிவிட்டார்கள். ஆரிகன் மாநிலம் 2023-ல் போட்ட சட்டத்தில் 2030-க்குள் 5,00,000. இலக்கு என்னவோ சட்டசபையில்தான். ஹீட் பம்ப் பொருத்தும் பெர்மிட் நிற்பதோ பேஸ்மெண்டில் இருக்கும் மின் பேனலில் (வீட்டின் பிரேக்கர் பெட்டி).

100 ஆம்பியர் பேனல் உள்ள பழைய வீட்டில் கான்ட்ராக்டர் 10 கிலோவாட் துணை ஹீட்டரையும் (கடுங்குளிரில் கைகொடுக்கும் மின் ஹீட்டர்) சேர்த்து எழுதிவிடுவார். 240 வோல்ட்டில் அது மட்டுமே 42 ஆம்பியர் இழுக்கும், 60 ஆம்பியர் பிரேக்கர் கேட்கும். உடனே "பேனலை மாத்துங்க" என்பார்கள். அதற்கு முன் அமெரிக்க தேசிய மின் விதி 220.83-படி கணக்குப் போடச் சொல்லுங்கள்: மற்ற லோடில் முதல் 8 கேவிஏ (சுமார் 8 கிலோவாட்) முழுதாக, மிச்சம் 40 சதவீதம், புது ஹீட்டிங் லோடு முழுதாக. துணை ஹீட்டரை 5 கிலோவாட்டாகக் குறைத்தால் 21 ஆம்பியர், 30 ஆம்பியர் பிரேக்கர். பல வீடுகளில் பழைய பேனலே தாங்கும்.

* * *

அந்த 10 கிலோவாட் எங்கிருந்து வருகிறது என்றால், பழைய ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் உலை) லேபிளைப் பார்த்து அளவு போடுவதால். பல வீடுகளில் ஃபர்னஸே தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும். அறைவாரியாக மேனுவல் ஜே கணக்கு (வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்கிடும் முறை) கேளுங்கள். பெரிய யூனிட் மிதமான குளிரில் நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும்; கம்ப்ரசருக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

* * *

2025 ஜனவரி 1 முதல் வீட்டு யூனிட்டுகளை ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயுவோடு தயாரிக்கக் கூடாது (புவி வெப்பக் குறியீடு 2088, வரம்பு 700). இப்போது ஆர்-454பி அல்லது ஆர்-32. இரண்டுமே லேசாகத் தீப்பற்றும். ஆகவே ஃப்ளேர் மூட்டை (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு) கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. கால் அங்குலக் குழாய்க்கு 14–18 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 34–42. டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பலாம். நைட்ரஜன் அழுத்தச் சோதனை, பிறகு குழாய்க்குள் 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) கீழ் வேக்குவம். வேக்குவம் பம்பை நிறுத்தியதும் கேஜ் முள் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி நின்றால் குழாய்க்குள் ஈரம்.

* * *

ஹீட் பம்புக்கு அமெரிக்க மத்திய அரசு தந்த 30 சதவீத வரிச் சலுகை (உச்சம் 2,000 டாலர்) 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. மாநில மானியம் முன் ஒப்புதல் கேட்டால், அது கைக்கு வரும்வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

பனி விழும் ஊரில் வெளி யூனிட்டைக் கூரை விளிம்புக்கு நேர்கீழே வைக்க வேண்டாம். சொட்டும் நீர் விசிறியிலேயே உறையும். டீஃப்ராஸ்ட் நீர் (யூனிட்டில் படிந்த உறைபனி உருகும் நீர்) ஓட இடம்விட்டு, வழக்கமாகப் பனி ஏறும் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டு போடுங்கள்.