12 மீட்டர் கூரைக்கு எந்தக் கட்டர் (இறவாரத்து மழைநீர் வாய்க்கால்): பிவிசியா, அலுமினியமா, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடா?

தொட்டிநீர்
வண்ணப்பூச்சு போட்ட அலுமினியம்-துத்தநாக ஷீட் கூரை. இறவாரம் 12 மீட்டர், அந்தப் பக்கச் சரிவின் அகலம் தரையளவில் 5 மீட்டர். கிளைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, மதியம் முழுக்க வெயில். தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். எதைப் போடுவது?

தகடுவேலை
ஜிஐ. கிளை விழுந்தாலும், ஏணி சாத்தினாலும் தாங்குவது அதுதான். வெயிலில் நீள்வதும் மூன்றில் அதற்குத்தான் குறைவு. 40 டிகிரி வித்தியாசத்துக்கு 12 மீட்டரில் ஏறக்குறைய 6 மி.மீ. அலுமினியம் 11 மி.மீ. நகரும், பிவிசி 29 மி.மீ. வரை போகும்.

நெடுந்தகடு
இந்தக் கூரைக்குக் கீழே வெறும் ஜிஐ போடவே கூடாது. பழைய ஜிஐ கூரையிலிருந்து வரும் மழைநீர் துத்தநாகத்தைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொண்டுதான் கட்டருக்கு வரும். அதனால் கட்டரை அவ்வளவாக அரிக்காது. பெயின்ட் அடித்த ஷீட், கண்ணாடி, பிளாஸ்டிக் இவற்றிலிருந்து வடியும் நீரில் எதுவும் கரைந்திருக்காது. அது நேராகக் கட்டரின் துத்தநாகப் பூச்சைத்தான் தின்னும். ஷீட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழே, சொட்டு விழும் இடத்தில் மட்டும் வரிசையாகத் துரு வட்டம் விழுந்திருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். ஜிஐ 275 என்று விற்கும் தகட்டில்கூட ஒரு பக்கப் பூச்சு சுமார் 20 மைக்ரான்தான்.

தகடுவேலை
வெறும் ஜிஐக்கு அது உண்மை. கூரையில் இருக்கும் அதே பூச்சுத் தகட்டிலேயே கட்டரும் கிடைக்கிறது. அதைப் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். கிரைண்டர் வைத்து அறுத்தால் சூட்டில் பூச்சு கருகும், பறக்கும் இரும்புத் தூள் தகட்டில் ஒட்டி மறு மழைக்கே பழுப்புப் புள்ளியாகும். தகரக் கத்தரியால் வெட்டி, தூளை அன்றே துடைத்துவிட வேண்டும்.

குழாய்க்கை
அரிப்பைப் பற்றியே இவ்வளவு பேச்சு என்றால் அரிக்காத பொருளைப் போட்டுவிடலாமே? பிவிசிக்கு உப்புக்காற்று பொருட்டில்லை, சிமென்ட் சாந்து பட்டாலும் ஒன்றும் ஆகாது. அலுமினியத்தில் ஈரச் சாந்து விழுந்து காய்ந்தால் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். மாடி அறை ஏசியின் தண்ணீர்க் குழாயைக் கட்டருக்குள் விடுவதும் எங்கும் நடக்கிறது. செம்புச் சுருளைத் தொட்டு வரும் அந்தத் தண்ணீர் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் குழி குழியாக்கும். பிவிசியில் ஒரு துண்டு போனால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

நெடுந்தகடு
ஏசி குழாயைத் தனியாக இறக்குங்கள், அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. வெயிலைத் தனியாக இறக்க முடியாதே. மதியம் முழுக்க வெயில் என்று கேட்டவரே சொல்லியிருக்கிறார். பிவிசி வெளுத்து, மேலே மாவு படிந்து, கடைசியில் கிளை தட்டினாலே விரிசல் விடும். 3 மீட்டர் துண்டு என்றால் 12 மீட்டருக்கு நடுவில் மூன்று ஜாயிண்ட். வெளியிறக்கமும் எண்ட் கேப்பும் தனி. அலுமினியத்தை வீட்டு வாசலிலேயே இயந்திரத்தில் உருட்டி 12 மீட்டரையும் ஒரே துண்டாக எடுக்கலாம். கட்டர் முதலில் ஒழுகுவது ஜாயிண்டில்தான். அதனால் ஜாயிண்ட் எத்தனை என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள், ஆயுளைப் பிறகு பேசலாம்.

குழாய்க்கை
பிவிசி ஜாயிண்ட் ஒழுகுவதற்குக் காரணம் பொருள் இல்லை, பொருத்திய விதம். முழு நீளத்தையும் சால்வென்ட் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அந்த 29 மி.மீ. எங்கே போகும்? கிளிப்பைப் பிடுங்கும் அல்லது மூலையைப் பிளக்கும். ரப்பர் கேஸ்கெட் வைத்த இணைப்பு வாங்குங்கள். உள்ளே ஒரு கோடு போட்டிருப்பார்கள், துண்டின் முனை அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், இணைப்பின் உள்சுவர் வரை தள்ளக் கூடாது. ஒரு 3 மீட்டர் துண்டு மட்டும் 7 மி.மீ. நகரும். குளிர்ந்த காலையில் பொருத்தினால் இடைவெளி கூடுதலாக விடுங்கள், உச்சி வெயிலில் என்றால் குறைத்து விடுங்கள். கேஸ்கெட்டில் சிலிக்கான் தெளிப்பு கொஞ்சம் தடவினால் ரப்பர் மடங்காமல் வழுக்கும். ஸ்க்ரூ கிளிப்பில்தான் ஏற வேண்டும், கட்டரில் ஏறக் கூடாது. வெயிலுக்கு வெள்ளை நிறம் வாங்குங்கள். அடர் நிறம் சூட்டை இழுத்து இன்னும் நீளும்.

தகடுவேலை
உலோகத்துக்கும் இதே கதைதான். தகடு மாட்டுபவர்கள் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை ஜாயிண்டில் பூசுகிறார்கள். அந்த அமிலம் துத்தநாகத்தை அரித்து, ஒட்டிய இடமே முதலில் விடும். நியூட்ரல் வகைதான் வேண்டும். அதையும் இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். மேலே பூசி மூடினால் ஒரு கோடை தாங்காது. அலுமினியம் போடுகிறவர்கள் ரிவெட்டின் ஆணி எது என்று பார்த்து வாங்குங்கள். உடல் அலுமினியமாக இருந்தாலும் நடு ஆணி இரும்பாக இருந்தால் அது உள்ளேயே துருப்பிடித்து வழியும்.

தொட்டிநீர்
அளவையும் வாட்டத்தையும் (நீர் ஓடுவதற்கான சரிவு) யாரும் சொல்லவில்லையே?

நெடுந்தகடு
12-ஐ 5-ஆல் பெருக்கினால் 60 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை அடித்தால் 6000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 லிட்டர். 150 மி.மீ. அரைவட்டக் கட்டர் வைத்து, நடுவை மேடாக்கி, இரண்டு முனையிலும் இறக்குக் குழாய் கொடுங்கள். மீட்டருக்கு 5 மி.மீ. வாட்டம். பக்கத்துக்கு 6 மீட்டர் என்பதால் 30 மி.மீ. இறக்கம் போதும். ஒரே முனைக்கு இழுத்தால் 60 மி.மீ. இறங்கி, கோணலாகத் தெரியும், அந்த முனையில் நீர் கட்டரைத் தாண்டி வெளியே தெறிக்கும். நூல் கட்டி டியூப் லெவலில் (நீர் நிரப்பிய குழாய் மட்டம்) பாருங்கள், சிறிய ரசமட்டம் இந்த நீளத்துக்கு ஏமாற்றும். முன் உதடு பின் உதட்டைவிட 10 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். அடைத்துக்கொண்டால் நீர் சுவருக்குள் போகாமல் வெளியே வழியும். ஷீட் கட்டருக்குள் 50 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும்.

தகடுவேலை
எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டர் நிரம்பினால் மீட்டருக்கு 9 கிலோ, மொத்தம் 100 கிலோவுக்கு மேல். ஈர இலையும் சேறும் தனி. 60 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப், 12 மீட்டருக்கு 21. எந்தப் பொருளாக இருந்தாலும் இதைக் குறைக்காதீர்கள். மரத்தடி வீட்டில் உலோகக் கட்டரின் அடியில் ஈர இலை தங்கினால் அந்த இடம் காய்வதே இல்லை, பூச்சு அங்கேதான் முதலில் போகும். மழைக்கு முன்னும் நடுவிலும் வழித்துவிட வேண்டும்.

தொட்டிநீர்
அப்படியானால் அலுமினியம் 0.7 மி.மீ. தடிமன் போதுமா?

நெடுந்தகடு
கிளை இல்லாத வீட்டுக்கு 0.7 போதும். உங்களுக்கு 0.8-க்கு மேல் போங்கள். ஏணியை நேராகக் கட்டரில் சாத்த வேண்டாம், சுவரில் முட்டு கொடுத்துச் சாத்துங்கள்.

குழாய்க்கை
0.8 போட்டாலும் பெரிய கிளை விழுந்தால் 12 மீட்டர் துண்டும் வளையும், வளைந்த இடத்தில் வாட்டம் கெட்டு நீர் தேங்கும். முதலில் கிளைகளை வெட்டுங்கள். வெட்ட முடியாது என்றால் எனக்கு இப்போதும் கேஸ்கெட் பிவிசிதான், ஒரு துண்டை மாற்றி முடித்துவிடலாம். தொட்டிக்குப் போகிற குழாயில் முதல் மழையை வெளியே விட ஒரு வால்வும் வையுங்கள், எந்தக் கட்டரானாலும் அது வேண்டும்.