‘ரீகாயில்’: பின்னுதைப்பு, தோளுதை, முன்னிமைப்பு – மூன்று சொற்களுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஆப்பிரிக்கப் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வரும் நண்பர், ‘ரீகாயில்’ (சுட்டதும் துப்பாக்கி பின்னே உதைப்பது) என்பதற்குக் கலைச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். பின்னுதைப்பு, பின்னுந்தல், பின்னியக்கம், பின்னடைவு, எதிர்வினை என ஐந்து சொற்கள் வந்துவிட்டன. அவர் அனுப்பிய இரண்டு பக்கங்களை நான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அங்கே ரீகாயில் என்ற ஒரே சொல்லைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று நிகழ்ச்சிகள் வருகின்றன. தமிழில் நாமும் ஒரே சொல்லைப் போட்டால் கையேட்டின் அறிவுரைகளுள் பாதி பிழையாகிவிடும் என்பது என் கருத்து. அதை விளக்கவே இந்த நீண்ட மடல்.

> பின்னடைவு என்பதே எளிய சொல். செய்தித்தாள் படிப்பவருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தேர்தலில் தோற்ற கட்சியாகப் புரியும். எதிர்வினையை நியூட்டனின் மூன்றாம் விதிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். சுவரைத் தள்ளினால் சுவர் நம்மைத் தள்ளுவதும் எதிர்வினைதான், அதை யாரும் ரீகாயில் என்பதில்லை. பின்னியக்கத்தில் குற்றமில்லை, ஆனால் வண்டியைப் பின்னால் எடுப்பதும் பின்னியக்கமே.

> உதைப்பு என்பது சற்று முரட்டுச் சொல்லாக இருக்கிறது. உந்தம் என்னும் இயற்பியல் சொல்லோடு இயைவதால் பின்னுந்தல் சிறந்தது.

ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் அந்த இயைபே இடைஞ்சலாகும் என்று அஞ்சுகிறேன். கணக்கில் உந்தம், பின்னுந்தல் இரண்டும் ஒரே வரியில் வரும்போது மாணவர் பின்னுந்தலையும் உந்தத்தின் ஒரு வகை என்றே கொள்வார். நாம் சொல்ல விரும்புவதோ துப்பாக்கியின் அசைவை. மேலும் முரட்டுத்தனம் பொருளிலேயே இருக்கிறது. கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .303 துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது, பயிற்சியாளர் சொன்னது இவ்வளவுதான்: “உதைக்கும், தோளோடு ஒட்டிப் பிடி.” துப்பாக்கி உதைக்கும் என்பதே நம் மக்கள் வழக்கு. ‘பின்னுதைப்பு’ அந்த வழக்கிலிருந்து ஒரு முன்னொட்டு தூரத்தில்தான் இருக்கிறது, ஏற்கெனவே எழுத்திலும் புழங்குகிறது. ஆகவே அந்தச் சொல்லை இயற்பியல் நிகழ்ச்சிக்கு, அதாவது அளக்கவும் கணக்கிடவும் கூடியதற்கு, நிலைநிறுத்தலாம்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன்தரும். 1956-இல் வெளிவந்த .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம் (.458 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்). குண்டு ஏறத்தாழ 32.4 கிராம், குழல்வாயை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 640 மீட்டர். எரிந்து வாயுவாகும் மருந்து ஏறத்தாழ 4.7 கிராம், அது நொடிக்கு 1,200 மீட்டர் அளவில் சீறி வெளியேறுகிறது. இரண்டின் உந்தத்தையும் (நிறை × வேகம்) கூட்டி, 4.1 கிலோ எடையுள்ள துப்பாக்கிக்கு ஈடுசெய்தால், துப்பாக்கி நொடிக்கு 6.4 மீட்டர் வேகத்தில், 84 ஜூல் ஆற்றலோடு பின்னே வருகிறது. மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .30-06 தோட்டா 3.6 கிலோ துப்பாக்கியில் தருவது சுமார் 27 ஜூல்தான். அதே .458 தோட்டாவை 5 கிலோ துப்பாக்கியில் இட்டால் 84 என்பது 69 ஆகக் குறைகிறது. யானைக்கும் காட்டெருமைக்கும் செய்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகள் அவ்வளவு கனமாக இருந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. பின்னுதைப்பைக் குறைக்க முக்கிய வழிகள் மூன்று: துப்பாக்கியின் எடையைக் கூட்டலாம், தோட்டாவின் வலுவைக் குறைக்கலாம், அல்லது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளையுருளையைக் குழல்வாயில் பொருத்தலாம். மூன்றாவதற்கு விலையுண்டு, சுடுபவரின் தோள் தப்பினாலும், பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் செவியில் அந்த ஓசை அறைகிறது.

இப்போது கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருவோம். துப்பாக்கிக் கட்டையின் (தோளில் பதியும் பின்பகுதி) முனையில் ரப்பர் மெத்தை பொருத்தினால் ரீகாயில் குறையும் என்று அங்கே இருக்கிறது. ‘பின்னுதைப்பு குறையும்’ என்று மொழிபெயர்த்தால் இயற்பியல் ஆசிரியர் சிவப்பு மையை எடுப்பார். மெத்தை உந்தத்தைக் குறைப்பதில்லை. அதே உந்தத்தை இன்னும் சிறிது நேரத்துக்கு நீட்டி, இன்னும் சற்று அகன்ற பரப்பில் தோளுக்குக் கடத்துகிறது. குறைவது தோள் உணரும் அடி. இதற்கு வேறு சொல் தேவை. ‘தோளுதை’ என்று முன்மொழிகிறேன்.

தோளால் உதைப்பது என்று படிப்பார்களோ என்று ஓர் அம்மையார் முன்கூட்டியே கேட்டிருந்தார். தலைச்சுமை என்றால் தலைமேல் ஏற்றிய சுமை. அதே போக்கில் தோளுதை தோளில் விழும் உதை. கன்னத்திலும் படுகிறதே என்றால், படத்தான் செய்கிறது. ஆனால் கட்டை சரியான நீளத்தில் இருந்து, கன்னம் அதன்மேல் உறுதியாகப் படிந்திருந்தால் கன்னத்து அடி மிகவும் தணிந்துவிடும்.

பின்னுதைப்பும் தோளுதையும் வேறு என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. அன்றைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1909-இல் ஆப்பிரிக்கா சென்ற தியடோர் ரூஸ்வெல்ட் சிங்கங்களுக்கு விரும்பி எடுத்ததும் அதே. கணக்கில் பார்த்தால் அது பெருந்தோட்டாக்களுள் நடுத்தரமானதே. ஆனால் அதைச் சுட்ட வின்செஸ்டர் 1895 மாதிரித் துப்பாக்கிகள் பலவற்றின் கட்டை முனையில் பிறைபோல் வளைந்த எஃகுத் தகடு இருந்தது. அதன் இரு கூர்முனைகளும் தோளில் பதிந்ததால், சுட்டவர்கள் கணக்கு சொல்வதைவிட அதிகமாக வலியைச் சொன்னார்கள். பின்னுதைப்பு நடுத்தரம், தோளுதை கடுமை.

தோளுதையைச் சமாளிக்கும் முறைகளைக் கையேடு விரிவாகவே சொல்கிறது. கட்டையைக் காரை எலும்பின்மேலோ புயத்தின்மேலோ வைக்காமல், இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இறுக்கி இழுத்து வைக்க வேண்டும். தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி வேகம் எடுத்து வந்து மோதும். நின்று சுடும்போது உடல் இடுப்பிலிருந்து பின்னே வளைந்து கொடுக்கிறது. மேசைமுன் அமர்ந்து குனிந்து சுடுபவருக்கு அந்த வளைவு இல்லை, முழு உதையையும் தோளே வாங்குகிறது. ஆகவே பெருந்தோட்டாவை மேசையில் வைத்துக் குறி சரிபார்க்க நேர்ந்தால், தோளுக்கும் கட்டைக்கும் இடையே மணல்மூட்டை ஒன்றைச் செருகிக்கொள்கிறார்கள். தொலைநோக்கி கண்ணுக்குப் பத்து சென்டிமீட்டராவது முன்னே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டுப் போடும். வேட்டைக்காரர் நடுவே அது கேலிக்குரிய அடையாளம்.

மூன்றாவது நிகழ்ச்சிதான் எனக்கு முதன்மையானதாகப் படுகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபிளிஞ்ச்’ என்பார்கள். நண்பர் அதை ‘ரீகாயில் பயம்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறார். விசையை அழுத்தும் அந்தக் கணத்தில், உதை வருமுன்பே கண் மூடிக்கொள்கிறது, தோள் முன்னே தள்ளுகிறது, விரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது. குறி தவறுவதன் பெருங்காரணம் இதுவே. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம். 60 சென்டிமீட்டர் குழலுள்ள நம் .458 துப்பாக்கி அதற்குள் பின்னே நகர்வது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான். மற்ற உதையெல்லாம் குண்டு போன பிறகு வருவது. ஆக, பெரும்பாலும் குறியைக் கெடுப்பது உதையன்று, உதையை எதிர்பார்த்த உடல்.

> மிரட்சி என்று சொன்னால் போதாதா? மாடு மிரள்வது போலத்தானே.

மாடு எதையோ கண்டு மிரள்கிறது. இங்கே நிகழ்ச்சி இன்னும் நடக்கவேயில்லை. செய்பவருக்கும் தான் செய்வது தெரியாது. இதை வெளிக்கொணர ஒரு பழைய பயிற்சி உண்டு. வேறொருவர் துப்பாக்கியில் சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை மருந்தில்லாத போலித் தோட்டாவையும், சுடுபவர் அறியாதபடி மாற்றி மாற்றி இடுவார். போலித் தோட்டா வந்தபோது ‘டிக்’ என்ற ஒலி மட்டும் எழ, குழல்வாய் தானாகக் கீழே முழுகி எழுவதைச் சுடுபவரே பார்த்து நாணுவார். உதைக்காத துப்பாக்கியே அசைந்தது என்றால் அசைத்தது யார்?

இதற்கு ‘முன்னிமைப்பு’ என்று முன்மொழிகிறேன். இதிலுள்ள ‘இமைப்பு’ நான் கட்டியதன்று, குறளிலிருந்து எடுத்துக்கொண்டது. படைச்செருக்கு அதிகாரத்தின் 775-ஆம் குறள், பகைவர் வேலெறியும்போது விழித்த கண் ‘அழித்திமைப்பின்’ வீரருக்கு அதுவே தோல்வி என்கிறது. வேல் வந்து தைப்பதற்கு முன் கண் தானாக மூடுவதைக் கவனித்து, அதற்கு இமைத்தல் என்றே வினை தந்தவர் வள்ளுவர். முன்பணம், முன்னெச்சரிக்கை ஆகியவற்றில் உள்ள காலப்பொருள் ‘முன்’ இங்கும் பொருந்துகிறது.

இமைப்பு கண்ணுக்கு மட்டும் உரியது, தோளும் விரலும் என்னாயின என்று கேட்கலாம். வெற்றிலை நட்டான் என்றால் கொடியை நட்டதாகக் கொள்கிறோமே. இதையும் சினையாகுபெயராகக் கொள்ளலாம். உறுப்புகளுள் கண்ணே இதை வெளிப்படையாகக் காட்டுவதால் பயிற்சியாளரும் கண்ணைத்தான் பார்ப்பார்.

முன்னிமைப்புக்கு மருந்து எடையுமன்று, மெத்தையுமன்று, பழக்கம். தோட்டா இல்லாமல் விசையழுத்திப் பழகுவது, .22 என்னும் மிகச் சிறு தோட்டாவில் நூற்றுக்கணக்கில் சுடுவது, பெருந்தோட்டாவை ஒரு நாளில் நான்கைந்துக்குமேல் சுடாமல் நிறுத்துவது. செவிக்கு உள்ளடைப்பும் வெளிமூடியும் சேர்த்து அணிவதும் இதில் அடங்கும், ஏனெனில் உடல் அஞ்சுவது உதையைவிட ஓசைக்கே பலமுறை. 1900-களின் தொடக்கத்தில் யானை வேட்டையில் பெயர்பெற்ற டபிள்யூ.டி.எம். பெல், .275 என்னும் சிறு தோட்டாவையே விரும்பியதும் இங்கே எண்ணத்தக்கது. உதை சிறிதானால் குறி துல்லியம் என்பது அவர் கட்சி. (அவருடைய கைத்திறன் இல்லாதவர் அதைப் பின்பற்றக் கூடாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெருவிலங்குக்கு .375 அளவையே கீழ்வரம்பாகக் கொள்கிறார்கள்.)

நண்பரின் பன்னிரண்டாம் பக்கத்தை இம்மூன்று சொற்களால் எழுதிப் பார்த்தேன்: “ரப்பர் மெத்தை தோளுதையைத் தணிக்கும்; பின்னுதைப்பை மாற்றாது. மெத்தை பொருத்திய பிறகும் குண்டு இலக்குக்குக் கீழே விழுமானால் முன்னிமைப்பைச் சோதிக்க.” எனக்கு இடறலில்லாமல் ஓடுகிறது. குழல்வாயில் பொருத்தும் அந்தத் துளையுருளைக்கு மட்டும் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. ‘வாய்த்தணிப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். ஓசையைத் தணிப்பது என்று படிக்க இடமிருக்கிறது, அது செய்வதோ நேர் எதிரானது. ஆகவே அதை விட்டுவிட்டேன். யாருக்கேனும் வேறு தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.