மறு: ‘வோல்டேஜ் டிராப்’ – ‘அழுத்தச் சேதாரம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் பட்டறைக் கையேட்டில் ‘வோல்டேஜ் டிராப்’ என்பதை ‘அழுத்தச் சேதாரம்’ என்று எழுதலாம் என்ற என் யோசனைக்கு இப்படி ஒரு கேள்வி வந்தது:

> மின்னழுத்த வீழ்ச்சி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

நியாயமான கேள்விதான். என் பைக்கில் செல்ஃப் எடுக்காமல் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பட்டனை அழுத்தினால் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) ‘டிக்’ என்னும், மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். பழுது பார்த்தவர் பேட்டரி டவுன் என்றார். புதிது வாங்கிப் போட்டோம். இரண்டு நாள் கழித்து அதே முனகல். சரி, நாமே பார்ப்போம் என்று மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து உட்கார்ந்தேன். சும்மா இருக்கையில் பேட்டரியில் 12.7. செல்ஃபை அழுத்திக்கொண்டே பார்த்தால் 11.0. இதில் குறை இல்லை, 10-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.3 மட்டுமே. மீதி 2.7 எங்கே? பாசிட்டிவ் பக்கம், ரிலேயையும் சேர்த்து, 0.3. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே 2.4! பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் வயரை எஞ்சினில் முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் அந்த 2.4 என்பது 0.1 ஆனது. ஒரே அழுத்தில் வண்டி எடுத்தது.

12.7 என்பது 11.0 ஆனதையும் வீழ்ச்சி என்கிறோம், போல்ட்டில் 2.4 போனதையும் வீழ்ச்சி என்கிறோம். முதலாவது, சுமை ஏறும்போது பேட்டரி இறங்குவது. முன்பு இருந்தது, இப்போது குறைந்தது. இரண்டாவது அப்படியல்ல, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம். முதலாவது அளவுக்கு மீறினால் சார்ஜ் போட வேண்டும் அல்லது பேட்டரி மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு உப்புத்தாள் போதும். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதினால், படிக்கிற பையன் பேட்டரியைத்தான் மாற்றுவான்.

‘மின்கசிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கூடாது. கசிவென்றால் மின்னோட்டம் வேறு வழியில் ஒழுகுவது. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி இறங்கியிருக்குமே, அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த போல்ட்டில் ஓட்டம் எங்கும் ஒழுகவில்லை. உள்ளே போன ஆம்பியர் அப்படியே வெளியே வருகிறது, அழுத்தம்தான் அங்கே தின்னப்பட்டுச் சூடாகிறது.

அதனால்தான் சேதாரம் என்கிறேன். நகைக்கடைக்குப் போய்வந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இணைப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கொஞ்சமாக எடுத்தால் ஒப்புக்கொள்கிறோம், அதிகமானால் ஏன் என்று கேட்கிறோம். வாக்கியத்திலும் இயல்பாக உட்கார்கிறது: ‘எர்த் பக்கச் சேதாரம் 2.4 வோல்ட்’, ‘ரிலேயில் சேதாரம் பார்’.

இன்னொன்றும் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2.4 வோல்ட் போக 0.06 ஓம் தடை போதும். மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும், ஆகவே ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் அந்தப் போல்ட் நல்ல போல்ட்டாகவே தெரியும். ஓட்டம் ஓடும்போது மட்டுமே பிடிபடுகிற குறை இது. வேலை நடக்கும்போதுதானே சேதாரமும் உண்டாகிறது? சொல் அங்கேயும் பொருந்துவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சேதம் வடசொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். ‘அழுத்தத் தேய்வு’ என்று மாற்றிப் பார்த்தேன். பட்டறையில் தேய்வு என்றால் மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். செல்ஃப் மோட்டாரில் அதுவும் ஒரு குறை என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ‘அழுத்த இழப்பு’ தவறில்லை, பாடநூலுக்குப் பொருந்தும். ஆனால் கையில் ஸ்பேனருடன் நிற்பவரிடம் சொல்ல எனக்குச் சேதாரம்தான் வாயில் வருகிறது.

பேட்டரி இறங்குவதற்கு ‘அழுத்தச் சரிவு’, வழியில் போவதற்கு ‘அழுத்தச் சேதாரம்’. மின்னழுத்த வீழ்ச்சியைக் கையேட்டில் இரண்டுக்குமே தவிர்த்துவிடலாம் என்பது என் பரிந்துரை. பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரு வாரம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு ரிலே அத்தியாயத்தைத் திருத்துகிறேன்.