ஆட்டுக்கண்ணில் பழகிய கை

முதல் கண்புரை அறுவைக்கு முன் எதில் கை பழகினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பழகியது ஆட்டுக்கண்ணில்.

மதுரையில் கண் மருத்துவ மேற்படிப்பின் முதலாண்டு. காலையிலேயே கறிக்கடையிலிருந்து தூக்குவாளியில் கண்கள் வந்துவிடும். அன்றே பயன்படுத்தியாக வேண்டும். நேரம் ஆக ஆகக் கண்ணின் முன்பக்கத்தில் ஒளி ஊடுருவும் படலமான கருவிழி மங்கி, உள்ளே எதுவும் தெரியாது. தெர்மாகோலில் குழி தோண்டிக் கண்ணைப் பதித்து, சுற்றிலும் குண்டூசி குத்துவோம். தொய்ந்து கிடக்கும் கண்ணுக்குப் பின்பக்க நரம்பு வழியாக சலைன் ஏற்றினால்தான் விறைப்பு வரும். நுண்ணோக்கியில் குனிந்தால், படுக்கைவசமாக நீண்ட அந்தக் கண்மணி என்னையே பார்ப்பது போலிருந்தது. முதல் நாள் கத்தியை வைக்கவே மனம் வரவில்லை.

என்னை அழவைத்தது லென்ஸ் உறை, அதாவது கண்ணுக்குள் லென்ஸை மூடியிருக்கும் சவ்வு. புரையை வெளியே எடுக்க அதன் முன்பக்கத்தை வட்டமாகக் கிழித்தெடுக்க வேண்டும்; மனிதக் கண்ணில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வட்டம். ஆட்டின் உறை தடிமனானது, ரப்பர் போல இழுபடும். கொஞ்சம் அசந்தால் கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடும். எனக்கு நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற மூத்த மருத்துவர், "வெளியே இழுக்காதேம்மா. கிழிந்த மடலை மடித்துப் போட்டு, நடுவை நோக்கி இழு" என்றார். எத்தனையாவது கண்ணோ, ஒருநாள் வட்டம் முழுதாக வந்தது. அதைத் தட்டில் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டின் லென்ஸ் மிருதுவானது, முற்றிய புரையின் கடினம் அதில் இருக்காது. அதற்காக ஃபார்மலின் என்ற வேதித் திரவத்தைச் செலுத்தி இறுக வைத்துப் பழகினோம். பிறகு ஒரு பாட்டியின் கண்ணில் முதல்முறையாக உறையைக் கிழித்தபோது, அது எவ்வளவு மெல்லியது, எவ்வளவு எளிதாகச் சொன்னபடி கேட்கிறது என்று வியந்தேன். அந்தப் பாட்டியின் கண்ணில் நேர்ந்திருக்கக்கூடிய தவறுகளை எல்லாம் ஆடுகள் வாங்கிக்கொண்டன.

*

டாக்டர், நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்கள் தூக்குவாளியின் மறுமுனையில் இருந்தவன் நான். என் அத்தா கறிக்கடை வைத்திருந்தார். எங்களிடமும் ஒரு மருத்துவமனைக்காரர்கள் கண் வாங்கிப் போவார்கள். கத்தி பட்டுக் கீறிய கண்ணை அத்தா ஒதுக்கிவிடுவார்; படிக்கிற பிள்ளைகளுக்குப் பழுதானதைக் கொடுக்கக் கூடாது என்பார். தலையை நெருப்பில் வாட்டினால் கருவிழி வெளுத்துவிடும் அல்லவா? அவர்கள் வருகிற நாள்களில் எல்லாக் கண்களையும் எடுத்து முடித்த பிறகுதான் எங்கள் கடையில் அடுப்பு மூட்டுவார்கள்.