இடது பெடலில் சுற்றுக்கு ஒரு 'டக்': கோளாறு பின்னிலா, கப்பிலா?

கேள்வி (கும்பகோணம்)

அப்பா ஓட்டிய 22 அங்குல சைக்கிளைப் போன மாதம் ஒரு கடையில் ஓவராயிலிங் செய்யக் கொடுத்தேன். வாங்கி வந்த நான்காம் நாளே, இடது பெடலை அழுத்தும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம். கடைக்காரர் காட்டர் பின்னின் (பெடல் தண்டான கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும் ஆப்பு) நட்டை இறுக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் அடங்கியிருந்து மறுபடி தொடங்கிவிட்டது. இன்னும் இறுக்கப் போனால் நட்டின் மரை வழுக்குகிறது. பால்ரஸ் (அச்சு சுழல உதவும் எஃகுக் குண்டுகள்) எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? தினமும் 14 கிலோமீட்டர் இதில்தான் போய்வருகிறேன்.

மறுமொழி (மதுரை)

எனக்கும் இப்படித்தான் இருந்தது. பால்ரஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. மாற்றிவிடுங்கள்.

மறுமொழி (திண்டுக்கல்)

தம்பி, அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள். முப்பத்தொரு வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டும் அச்சோடு சேர்ந்து ஆடினால் கப் (பால்ரஸ் ஓடும் கிண்ணம், பக்கத்துக்கு ஒன்று) தளர்ந்திருக்கிறது. இடது கிராங்க் மட்டும் தனியாக ஆடினால் பின்தான் கோளாறு.

அந்த நட்டு பின்னை உள்ளே இழுப்பதற்காக வைத்தது அல்ல, உட்கார்ந்த பின்னைக் காப்பதற்கு மட்டுமே. பின்னைச் சுத்தியலால் அடித்துத்தான் உட்கார வைக்க வேண்டும். அடிக்கும்போது கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் பால்ரஸில் இறங்கி, கப்பின் ஓடுபாதையில் குழி விழும். அடித்தபின் நட்டை அளவாக இறுக்கினால் போதும். ஒரு பின்னின் நட்டு மேலே பார்த்தால் மற்றதின் நட்டு கீழே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கப் போட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது.

கப்தான் தளர்ந்திருக்கிறது என்றால் இடது பக்கத்தில் மட்டும் கை வையுங்கள். வலது கப்புக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அது தெரியாமல் வழக்கப்படி திருப்பி மரையைக் கெடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பலர். இடது கப்பை அசையாமல் பூட்டும் வெளி ரிங்கைத் தளர்த்தி, ஆட்டம் நிற்கும்வரை கப்பை உள்ளே திருப்புங்கள். ரிங்கை இறுக்கும்போது கப்பும் கூடவே சுற்றி இறுகிவிடும், அதை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு செயினை இறக்கிவிட்டு கிராங்கைச் சுழற்றுங்கள். தயங்காமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். மணலை அரைப்பது போல விரலுக்குத் தெரிந்தால், அப்போதுதான் பால்ரஸ் மாற்றும் வேலை: பக்கத்துக்கு 11, கால் அங்குலம். பழையதும் புதியதும் கலக்காமல் மொத்தமாக மாற்றுங்கள். பன்னிரண்டாவதை நெருக்கித் திணிக்க வேண்டாம், குண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் வேண்டும். அச்சின் நீளமான முனை பல்சக்கரப் பக்கம் வர வேண்டும்.

கேட்டவர்

ஐயா, இடது கிராங்க் மட்டும்தான் ஆடியது. இரவு மண்ணெண்ணெய் விட்டு வைத்து, காலையில் நட்டைப் பின்னின் முனைக்குச் சமமாகத் தளர்த்தி, குழாய் முட்டுக் கொடுத்து ஓங்கி ஒரே அடி. பின் வெளியே வந்துவிட்டது. அதன் சாய்ந்த முகத்தில் அச்சின் விளிம்பு கடித்த பள்ளம், நகக்கண் நுழையும் அளவுக்கு! பழைய பின்னைக் கையோடு கொண்டுபோய் 9.5 மி.மீ. புதியது வாங்கி வந்து அடித்துப் போட்டேன். இன்று 14 கிலோமீட்டரும் சத்தமே இல்லை.

மறுமொழி (திண்டுக்கல்)

மிக்க மகிழ்ச்சி தம்பி. புதுப் பின் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நாளைக்கு மறுநாள் அதே முட்டுக் குழாயை வைத்து இரண்டு தட்டுத் தட்டி, நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். வலது பின்னும் அதே வயதுதான், அதையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.